அண்ணத்தில் ஒரு கோடு

"பிள்ளைக்குக் கல்யாணம் பேசுற வயசுல எனக்குப் பல்லுக்குக் கிளிப்பா?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம். ஈறும் எலும்பும் உறுதியாக இருந்தால் ஐம்பதிலும் பல் நகரும், என்ன, கொஞ்சம் மெதுவாக.

மேல்தாடை குறுகலாக இருந்தால்தான் சிக்கல். நாக்கு நுனியால் அண்ணத்தின் நடுவே தடவிப் பாருங்கள், ஒரு கோடு தட்டுப்படும். அதற்கு மேலேதான் இரண்டு எலும்புகள் சேருகின்றன. சிறு வயதில் அந்த இணைப்பு இறுகியிருக்காது. திருகு வைத்த கருவியை அண்ணத்தில் மாட்டி, சாவியால் ஒரு திருப்பு திருப்பினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். 1860-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல் இதை எழுதியபோது, சக மருத்துவர்களே நம்ப மறுத்தார்கள்!

பெரியவர்களுக்கு அந்த இணைப்பு பெரும்பாலும் இறுகியிருக்கும். வெறும் திருகு, பல்லைத்தான் வெளிப்புறமாகச் சாய்க்கும். அதனால் அண்ண எலும்பிலேயே குட்டி ஸ்க்ரூக்களைப் பதித்து விரிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் அறுவை சிகிச்சை.

விரியும்போது முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். பதற வேண்டாம், எலும்பு விலகுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். புது எலும்பு வளரும் வரை சில மாதங்கள் கருவி வாயிலேயே இருக்கும். ஆரம்பத்தில் பேச்சு குழறும், சோற்றுப் பருக்கை மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.