வெறிநாய்க் கடியும் நமது அசிரத்தையும்

வெறிநாய் கடித்து ஒருவர் மாண்டார் என்ற செய்தி பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரிகளில் அச்சாகி மறைந்து விடுகிறது. விதி என்று சொல்லி ஜனங்களும் வாளாவிருந்து விடுகிறார்கள். இதை விதியென்று ஒப்புக்கொள்ள நாம் தயாராயில்லை. தப்புவதற்கு இவ்வளவு அவகாசம் கொடுத்துவிட்டு வரும் வியாதிகள் மிகச் சிலவே.

அந்த அவகாசத்தின் காரணத்தைக் கேளுங்கள். இந்நோயின் வைரஸ் கிருமி வெறிகொண்ட பிராணியின் எச்சிலில் இருப்பது. கடிவாய் வழியே தசையில் புகுந்து, நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, அதன் வழியாகவே மூளையை நோக்கி மெள்ள ஏறுகிறது. ஆதலால் கடித்த நாளுக்கும் நோய் காணும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் 2, 3 மாதங்கள் கழிகின்றன. முகத்தில் கடித்தாலோ வழி குறுகியது, நாளும் குறையலாம். சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு எவ்வளவு சமீபம் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. மூளையில் பெருகிய கிருமி பின்னர் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வந்து சேர்கிறது. தண்ணீரைக் கண்டதும் தொண்டை இழுத்துக்கொள்ளும் கோரம் தோன்றிய பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கடிபட்டவுடன் செய்யவேண்டியது சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கடிவாயைக் கழுவுதல். கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். நம்மவர்களோ மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்புகிறார்கள்! அடுத்தது தடுப்பூசி. 1885 ஜூலை 6-ந் தேதி பாஸ்டர் என்னும் பிரெஞ்சு மேதை 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இவ்வைத்தியத்தைச் செய்து காப்பாற்றினார். நம் மாகாணத்துக் குன்னூரில் 1907-லேயே அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. வயிற்றில் 14 ஊசி என்ற பழைய பயம் இன்னும் பலரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்து நம் நாட்டில் ஒழிந்து வெகுகாலமாயிற்று; இப்போது கையில் நாலைந்து வேளை ஊசியோடு தீர்ந்தது. ரத்தம் வரக் கடித்திருந்தால் கடிவாயிலேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்தவேண்டும். தடுப்பூசி பலன் தரச் சில நாள் செல்லும். அதுவரை காவல் இதுவே.

ஆயினும் மனிதருக்கு ஊசி போடுவதோடு நோயின் வேர் அறாது. மனிதருக்கு இந்நோய் வருவதில் 100-க்கு 99 பங்கு நாய்களால்தான். அவற்றை அடித்துக் கொல்வதால் பயனில்லை. காலியான தெருவுக்கு வேறு நாய்கள் வந்து சேரும். 100 நாய்களில் 70-க்கு ஊசி போட்டுவிட்டால் கிருமி பரவ வழியின்றி மடிகிறது. கோவாவில் ஆண்டுதோறும் இப்படிச் செய்து வந்ததன் பயனாக, 2021-ல் அம்மாகாணம் வெறிநாய் நோய் கட்டுக்குள் வந்த பிரதேசமாக அறிவிக்கப்பட்டது.

2030-க்குள் தேசமெங்கும் இந்நோயை ஒழிக்க 2021 செப்டம்பரில் இந்திய சர்க்கார் திட்டம் வகுத்தனர். 2011-க்குப் பின் இளம்பிள்ளை வாதத்தை நாட்டில் தலைகாட்டாமல் செய்த தேசத்திற்கு இது அசாத்தியமன்று. சென்ற வருஷம் நம் ஊரில் எத்தனை நாய்களுக்கு ஊசி போடப்பட்டது, ஆஸ்பத்திரியில் மருந்து எத்தனை நாள் இல்லாமலிருந்தது என்ற இரண்டு கேள்விகளை, வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு நகரசபை அபேட்சகரிடமும் நம் ஊழியர்கள் கேட்டு, பதிலை எழுதி வாங்கவேண்டும்.