தேசிய நூலகமும் குருநகர்க் கூத்துக் கொப்பிகளும்

நூலகம் என்பது நூல்கள் அடுக்கப்பட்ட கட்டடம் என்று கொள்வது போதிய விளக்கமாகாது. நூலறிவு எவருடைய உடைமையாயிருந்தது, அது எவ்வாறு பொதுவாயிற்று என்னும் வினாக்களுடன் இணைத்தே அதனை நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஏட்டுச் சுவடிகள் நெடுங்காலம் புலவர், வைத்தியர், நிலவுடைமையாளர் ஆகியோரின் வீடுகளிலேயே பெரும்பாலும் இருந்தன. வாசிக்கும் வாய்ப்பைச் சாதியும் செல்வமும் வரையறுத்தன. கே. எம். செல்லப்பா 1933இல் தமது இல்லத்தில் தொடங்கிய நூல்நிலையம் மறு ஆண்டிலேயே பொது முயற்சியாக விரிவுற்றது. 1959இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் புதிய கட்டடத்திற் திறக்கப்பட்டது. குருநகரிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் அது அமைந்தது. சட்டத்தரணியின் மகனும் கடற்றொழிலாளியின் மகனும் ஒரே மேசையில் அமர்வதற்கு இடமளிப்பதே பொதுநூலகம் என்னும் கருத்தின் சமூக உள்ளடக்கமாகும்.

1981 மே 31ஆம் நாள் இரவு அந்நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பு ஒரே தன்மையதன்று என்பது இங்கு அவதானிக்கத்தக்கது. அச்சு நூலுக்கு வேறெங்கேனும் இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஒற்றைப் பிரதியாயிருந்த ஏட்டுச் சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் அவ்வாய்ப்பு இல்லை. கட்டடம் பின்னர் மீளக் கட்டப்பட்டது, அவை மீளவில்லை.

ஒரே பிரதி ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது என்பதே தேசிய நூலகம் என்னும் நிறுவனத்தின் அடிப்படை நியாயமாகும். இலங்கையில் 1885ஆம் ஆண்டின் சட்டம் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்குமாறு விதித்தது. 1970ஆம் ஆண்டின் சட்டம் தேசிய நூலகச் சேவைகள் சபையை நிறுவியது. 1990இல் கொழும்பில் தேசிய நூலகம் திறக்கப்பட்டது. எனினும் ஒப்படைப்புச் சட்டம் அச்சகத்தின் வாயிலிலேயே தொடங்குகின்றது. அச்சகத்தை அடையாத பண்பாடு அதன் கண்ணிற்படுவதில்லை.

முன்னர் கரையூர் எனப்பட்ட குருநகரையே எடுத்துக்கொள்வோம். இக்கரையோரக் கத்தோலிக்க மக்களிடையே நாட்டுக்கூத்து வலுவான மரபாகும். அதன் பாடல்கள் பெரிதும் அண்ணாவிமாரின் நினைவிலும் கையெழுத்துக் கொப்பிகளிலுமே வாழ்ந்தன. கடற்காற்றும் கறையானும் இடப்பெயர்வும் அக்கொப்பிகளின் பகைகள். உழைக்கும் மக்களின் கலை வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளனுக்கு அவை அச்சு நூல்களிலும் முதன்மையான சான்றுகளாகும். அவை அழியின், எஞ்சிய சான்றுகளைக் கொண்டு எழுதப்படும் இலக்கிய வரலாறு மீண்டும் உடைமையாளரின் வரலாறாகவே அமையும்.

2005 முதல் நூலகம் நிறுவனம் தன்னார்வலர் உழைப்பினால் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணி எவரும் இலவசமாக வாசிக்க வழிசெய்து வருகின்றது. இது பாராட்டத்தக்கது. ஆயின் தன்னார்வலரின் உழைப்பு அரசின் கடமைக்குப் பதிலாகாது. கொழும்புப் பயணச் செலவைத் தாங்கக்கூடியவருக்கு மட்டும் திறந்திருக்கும் நூலகம் பெயரளவிலேயே தேசியமானது.

ஆகவே நாம் வற்புறுத்துவன இரண்டு: அச்சேறாத ஆக்கங்களைத் தேடிச் சென்று, உரியவரின் இசைவுடன் படியெடுத்தல் தேசிய நூலகத்தின் முறையான பணியாதல் வேண்டும், அப்படிகள் கொழும்பிலும் அவை பிறந்த பிரதேசத்திலும் ஒருங்கே இருத்தல் வேண்டும். அண்ணாவியாரின் பேரப்பிள்ளை அக்கொப்பியைத் தன் ஊரிலேயே வாசிக்கும் நாளிலேதான் நூலகம் முழுமையாகப் பொதுவாகும்.