சாக்கடை எரு: புல் வழியே பாலுக்கு வந்த நஞ்சு

"எருன்னா எல்லாமே நல்லதுதானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் கசடும் பார்க்க கருகருன்னு எரு மாதிரியே இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து உண்டு. போட்டால் பயிர் தளதளன்னு வரும். ஆனால் அந்தச் சாக்கடையில் ஓடுவது மனிதக் கழிவு மட்டுமா? முலாம் பூசும் பட்டறை, தொழிற்சாலை, சலவைக்கடைக் கழிவும் அதில்தான் கலக்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். அரண்டெல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒரு பால் பண்ணை. அதன் தீவனப்புல் நிலத்தில் 1983 முதல் 2004 வரை, அரசு அனுமதியோடுதான், கசடு போடப்பட்டது. 2016-ல் அந்தப் பண்ணைப் பாலில் 'பிஎஃப்ஏஎஸ்' என்னும் ரசாயனம் இருப்பது தெரிந்தது. ஒட்டாத பாத்திரம், கறை பிடிக்காத துணி, தீயணைப்பு நுரை ஆகியவற்றில் சேர்ப்பது இது. மண்ணில் மக்கவே மக்காது. கசடு போடுவதை நிறுத்தி 12 வருஷம் ஆகியும் போகவில்லை. பண்ணையின் பால் வியாபாரம் படுத்துவிட்டது.

இது எப்படிப் பாலுக்கு வருகிறது? வேர் உறிஞ்சிப் புல்லுக்கு ஏற்றுகிறது. புல்லிலிருந்து மாட்டின் ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து பாலுக்கு. மேயும் மாடு புல்லோடு மண்ணையும் சேர்த்துத்தான் தின்னுது. அது இன்னொரு வழி. கசடில் வரும் காட்மியத்தின் குணமே வேறு. அது பாலில் அதிகம் இறங்காது, ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் பாலை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

சாணம் மண்ணுக்கு, மண்ணின் சத்து புல்லுக்கு, புல் மாட்டுக்கு. நாம் பெருமையாகச் சொல்லும் சுழற்சி இது. உள்ளே நஞ்சு புகுந்துவிட்டால் அதுவும் இதே பாதையில்தான் சுத்தும்.

2022-ல் மெய்ன் மாநிலம் நிலத்தில் கசடு போடுவதையே தடை செய்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அந்த நாட்டின் இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிகளும் சாக்கடைக் கசடை அனுமதிப்பதில்லை. நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகரக் கம்போஸ்ட்டில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம், 100 மில்லிகிராம் ஈயம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பிஎஃப்ஏஎஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எனவே மலிவாக ஒரு லோடு எரு வருகிறதென்றால் முதலில் கேளுங்கள்: எந்த ஊர்ச் சாக்கடை? அதில் எந்தெந்தப் பட்டறைக் கழிவு விழுகிறது? சோதனை அறிக்கை எங்கே? சரியான பதில் வராவிட்டால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தீவனம் விளையும் நிலத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போட வேண்டாம். தொழுவுரமும் தக்கைப்பூண்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.