ஹியல் கலையும் கண்ணுக்குப் புலப்படாத விளையாட்டுக் கருவிகளும்

'ஹியல்' என்ற அரபுச் சொல்லைக் கேட்டவுடன் நம் அரபுக் கல்லூரி மாணவரின் நினைவில் எழுவது ஃபிக்ஹு நூல்களில் பேசப்படும் சட்ட உபாயங்களேயாகும். அதே பெயருடைய வேறொரு 'கிதாபுல் ஹியல்' ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுதப்பட்டது என்றால் அவர் வியப்போடு நோக்குவார். மூஸா இப்னு ஷாகிரின் மைந்தர்களான முஹம்மத், அஹ்மத், அல்ஹஸன் ஆகிய மூவரின் பெயரால் வழங்கும் அந்நூல் ஏறத்தாழ நூறு கருவிகளை விளக்குகிறது. ஒரே வாயின் வழியே வெவ்வேறு பானங்களைத் தரும் குடுவை, நேரத்திற்கு நேரம் வடிவம் மாறும் நீரூற்று, தன் திரியைத் தானே நகர்த்திக் கொள்ளும் விளக்கு என அவற்றுள் பெரும்பாலானவை கண்டோரை மகிழ்விக்கும் வேடிக்கைப் பொருட்களே.

எனினும் அறிஞர்கள் அக்கலையை இழிவாகக் கருதவில்லை. அல்ஃபாராபீ தம் 'இஹ்ஸாவுல் உலூம்' நூலில் கல்விகளை வகைப்படுத்தும்போது, இல்முல் ஹியலைக் கணிதக் கலைகளின் வரிசையில் வைத்தார். மனத்தில் விளங்கிய கணித உண்மையைப் பருப்பொருளில் இயங்கச் செய்து காட்டும் கலை அது என்பதே காரணம். ஹிஜ்ரி 602இல் (கி.பி. 1206) தியார்பக்ரின் அர்துகீ அரசவையில் தம் பெருநூலை நிறைவு செய்த அல்ஜஸரீ, யானைக் கடிகாரத்தையும் இசைப்போர் அமர்ந்த படகுப் பொம்மையையும் படைத்தார். அதே நூலில்தான் சுழலும் சக்கரத்தின் ஆற்றலை முன்பின் அசைவாக மாற்றி நீரிறைக்கும் இரட்டை உருளைப் பம்பும் இடம்பெற்றுள்ளது. வேடிக்கைக்கும் பயன்பாட்டுக்கும் இடையே அவர் சுவர் எழுப்பவில்லை.

இக்கலையின் மறுபிறப்பு போன்ற ஒன்று நம் காலத்தில், மிக நுண்ணிய அளவில் நிகழ்ந்திருக்கிறது. 1959 டிசம்பரில் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையொன்றில், ஓர் அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவேயான கனசதுரத்துள் அடங்கும் மின்மோட்டாரைச் செய்து காட்டுவோருக்கு 1000 டாலர் பரிசு அறிவித்தார். மறு ஆண்டே வில்லியம் மெக்லெல்லன் என்னும் பொறியாளர் நுண்ணோக்கியின் துணையோடு, கைவேலையாகவே அதனைச் செய்து முடித்தார். அதன் பாகங்கள் 13. எடை 250 மைக்ரோகிராம். பரிசு வழங்கப்பட்டது, ஆயினும் ஃபெய்ன்மனுக்குச் சிறிது ஏமாற்றமே. புதியதொரு தொழில்நுட்பம் பிறக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். கிடைத்ததோ பழைய கைவினையின் உச்சம்.

அந்தப் புதிய தொழில்நுட்பத்தின் விளைவை 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டோம். ஹெரால்ட் கிரெய்க்ஹெட், டஸ்டின் கார் ஆகியோர் சிலிக்கன் படிகத்தில் ஒரு கிதார் செதுக்கினர். அதன் நீளம் 10 மைக்ரோமீட்டர். நம் குருதியின் சிவப்பணு ஒன்றைவிடச் சற்றே பெரிது. ஆறு தந்திகள் ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ 50 நானோமீட்டர். செய்முறை இது: சிலிக்கன் ஆக்சைடு படலத்தின் மேல் மெல்லிய சிலிக்கன் ஏடு அமைந்திருக்கும். அதன்மீது பூசிய பூச்சில் எலெக்ட்ரான் கற்றையால் உருவத்தை வரைந்து, வேண்டாத சிலிக்கனை அரித்து நீக்குவர். பின்னர் தந்திகளின் அடியிலுள்ள ஆக்சைடை அமிலத்தால் கரைத்துவிட, தந்திகள் இரு முனைகளில் மட்டும் பற்றி அந்தரத்தில் நிற்கும்.

2003இல் அதே பல்கலைக்கழகத்தில் லிடியா செக்காரிச் முதலானோர் அதைவிடப் பெரிய கிதாரை லேசர் ஒளியால் மீட்டினர். தந்திகள் நொடிக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை அதிர்ந்தன. மனிதச் செவி கேட்கவல்ல எல்லை நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகளே. எனவே இசைக்கருவி பற்றிய ஃபிக்ஹு விவாதத்துக்கு இங்கே இடமில்லை என நம் மாணவர் புன்னகைக்கலாம். அது எவர் செவியிலும் விழாத இசை!

இத்தனை வேகம் ஏன்? ஒரு பொருளை எல்லாப் பக்கங்களிலும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால், அதன் அதிர்வெண் ஆயிரம் மடங்கு உயரும். அதன் பரப்பு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். எடையோ நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். ஆகவே நுண்ணுலகில் எடை ஆட்சி இழக்கிறது. பரப்போடு பரப்பு ஒட்டிக்கொள்ளும் விசையே ஆட்சி செய்கிறது. நீரின் எடையையும் மிதவையையும் நம்பிய அல்ஜஸரீயின் கடிகாரத்தை அப்படியே நுண்ணளவாக்கினால் அது ஓடாது. புதிய அளவு புதிய ஹியலை வேண்டி நிற்கிறது. மாணவர் ஒரு பொம்மையின் மூலம் கற்கும் ஆழமான இயற்பியல் இதுவே.

இது வீண் செலவன்றோ என வினவுவோர் உண்டு. விடையை அதே ஆய்வுக்கூடம் தந்துள்ளது. அதிரும் நுண்தந்தியின்மேல் ஏதேனும் ஒட்டினால் அதிர்வெண் குறையும். குறைந்த அளவைக் கொண்டு ஒட்டியதன் எடையை அறியலாம். இவ்வாறே கிரெய்க்ஹெட் குழுவினர் 2001இல் ஒற்றைப் பாக்டீரியாவையும், 2004இல் வைரசையும் உணர்ந்தறிந்தனர். அதுபோலவே 2005இல் ரைஸ் பல்கலைக்கழகத்தார், அறுபது கார்பன் அணுக்களாலான பந்துகளைச் சக்கரங்களாக்கி, மூன்று நான்கு நானோமீட்டர் அளவிலான 'காரை'ப் பொன்தளத்தில் உருட்டிக் காட்டினர். 2017இல் பிரான்சின் துலூஸ் நகரில் இத்தகைய மூலக்கூறு வாகனங்களுக்குப் பந்தயமே நடந்தது. 2013இல் ஐபிஎம் நிறுவனத்தார் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒரு சிறுவன் பந்தோடு விளையாடும் 242 படங்கள் கொண்ட குறும்படம் எடுத்தனர். இளையோர் உள்ளத்தில் அறிவியல் ஆர்வத்தைத் தூண்டுவதே அதன் நோக்கம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. திருமறையில் வரும் 'தர்ரா' என்னும் சொல்லைக் கொண்டு, நானோ தொழில்நுட்பம் அன்றே அறிவிக்கப்பட்டுவிட்டது எனச் சிலர் மேடையில் முழங்குகின்றனர். சிற்றெறும்பு என்றும், கதிரொளியில் மிதக்கும் தூசி என்றும் முற்கால விரிவுரையாளர்கள் அச்சொல்லுக்குப் பொருள் உரைத்தனர். அணுவுக்கு அச்சொல்லை வழங்குவது தற்கால அரபு மொழியின் வழக்கு. நற்செயலும் தீச்செயலும் எள்ளளவும் தவறாது எடுத்துக்காட்டப்படும் என்னும் அறவுரையை ஆய்வுக்கூடச் செய்தியாகச் சுருக்குவது மறைக்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் பெருமையன்று. பிறர் உழைத்துக் கண்டதை நமதென்று உரிமை கோருவதால் நம் பிள்ளைகளில் ஒருவர்கூட நுண்ணோக்கியைத் தொடப்போவதில்லை.

பனூ மூஸா சகோதரர்கள் முன்னோரின் கிரேக்க நூல்களைத் தேடிக் கற்றனர்; கற்றதைக் கையால் செய்து பார்த்தனர்; செய்ததில் மகிழ்ந்தனர். இம்மூன்றில் முதலாவதை மட்டுமே நாம் மத்ரஸாக்களில் தக்கவைத்துள்ளோம். செய்துபார்க்கும் கையையும் மகிழும் மனத்தையும் மாணவருக்கு மீட்டுத் தருவது ஆசிரியராகிய எங்கள் கடமை. 'ஹியல்' என்ற பாடம் வரும் நாளில், அச்சொல்லின் மறந்துபோன மற்றப் பொருளையும் பத்து நிமிடம் சொல்லிக் கொடுப்பதிலிருந்து அதனைத் தொடங்கலாம். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும் கல்வியை அருள்வானாக.