காற்றின் கணக்கும் கையின் கணக்கும்

துவக்கு என்ற சொல்லை எமது சஞ்சிகையில் எழுதும்போது பேனா சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. லிங்கநகரிலும் திருகோணமலையின் ஏனைய ஊர்களிலும் வாழும் எம்மில் பலருக்கு, வீதியில் மறித்து அடையாள அட்டை கேட்டதும், இரவில் படலை தட்டப்பட்டதும், பிள்ளைகளை அணைத்தபடி நிலத்தில் படுத்துக் கிடந்ததுமே அந்தச் சொல்லோடு சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. அந்த நினைவுகளுக்கு மதிப்பளித்துக்கொண்டே இதனை எழுதுகிறேன்.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெல 10 மீற்றர் குறிபார்த்துச் சுடும் போட்டியில் பங்குபற்றினார். கடலூரில் பிறந்த தமிழ்ப் பெண்ணான இளவேனில் வாலறிவனும் இந்தியா சார்பில் அதே போட்டிக்கு வந்திருந்தார். அப்போது எங்கள் பெண்கள் குழுவில் ஒரு சகோதரி, “துவக்கைப் பிடிக்கிறதும் ஒரு விளையாட்டா அக்கா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்காக நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க என் கவனம் துவக்கை விட்டு, சுடுபவரின் பக்கத்தில் திறந்து கிடக்கும் கொப்பியின் மீது சென்றது. அந்தக் கொப்பியைப் பற்றித்தான் இங்கு சொல்லப் போகிறேன்.

கோழி வளர்த்த பெண்ணின் வெற்றி

இங்கிலாந்தில் 1860ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணி ஒரு போட்டியைத் தொடக்கி வைத்தார். ஏந்தில் பொருத்தப்பட்டிருந்த றைபிளின் பட்டுக்கயிற்றை இழுத்து முதல் வெடியைத் தீர்த்தவரும் அவரே. பின்னர் பிஸ்லி என்னும் ஊரில் நடைபெறத் தொடங்கிய அந்தப் போட்டியின் தலையாய பரிசு, அரசர் ஆளும் காலத்தில் அரசர் பரிசு என்றும் அரசி ஆளும் காலத்தில் அரசி பரிசு என்றும் அழைக்கப்படுகிறது. முதல் வெடியைத் தீர்த்தவர் பெண்ணாக இருந்தும், பரிசைப் பெண்ணொருவர் பெறுவதற்கு 70 வருடங்கள் சென்றன. 1930இல் அதனை வென்றவர் மார்ஜரி பொஸ்டர்.

மார்ஜரி அரச குடும்பத்தவரும் அல்ல, படை அதிகாரியும் அல்ல. முதலாம் உலக யுத்த காலத்தில் வாகனச் சாரதியாகக் கடமையாற்றிய அவர், பின்னர் கோழி வளர்த்து வாழ்ந்து வந்தார். இறுதிச் சுற்று 900 யார், 1000 யார் தூரங்களில் நடைபெற்றது. ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் ஓர் இராணுவ லெப்டினனை அவர் பின்தள்ளினார். வழமைப்படி வெற்றியாளரைக் கதிரையில் இருத்தித் தோளில் தூக்கிச் சென்றார்கள். அடுத்த வருடமான 1931இல்தான் இலங்கைப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எத்தகைய காலம் என்பது விளங்கும். இரண்டாவது பெண்ணாக ஜோஅனா ஹொசாக் அதே பரிசை வென்றபோது வருடம் 2000 ஆகிவிட்டது.

ஒன்றரைச் செக்கனில் காற்று செய்யும் வேலை

1000 யார் என்பது 914 மீற்றர். அவ்வளவு தூரத்தைக் கடக்கச் சன்னத்துக்கு ஒன்றரைச் செக்கனுக்கு மேல் எடுக்கும். இந்தச் சிறு நேரத்தில் காற்று அதனைத் தள்ளிவிடுகிறது. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கவாட்டாக வீசும் காற்று, சன்னத்தை 2 மீற்றர் அளவுக்கு விலக்கிவிடக்கூடும். ஆகவே நடுவைப் பார்த்துச் சரியாகச் சுட்டாலும் நடுவில் படாது. காற்று வரும் பக்கமாகப் பார்வைக் கருவியை முன்கூட்டியே திருப்பி வைக்கவேண்டும்.

எவ்வளவு திருப்புவது? மைதானம் நெடுகக் கம்பங்களில் கொடிகள் பறக்கின்றன. தொலைநோக்கியில் பார்த்தால் தரைக்கு மேலே கானல் ஓடுவது தெரியும். அது சாயும் பக்கம்தான் காற்று போகும் பக்கம். எமக்கு இது புதிய வித்தை அல்ல. கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும் மாதங்களில் எந்தப் பக்கத்துக் கூரைத் தகரம் முதலில் அடிக்கும் என்பதும், வாடை தொடங்கினால் எந்தக் கொடியில் துணி காயாது என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் நாம் அவற்றை எழுதி வைப்பதில்லை.

கொப்பியில் எழுதுவது என்ன?

அந்தக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் திகதி, நேரம், தூரம், வெளிச்சம், காலநிலை ஆகியவை எழுதப்படும். அடுத்து, குறிப்பலகையின் சிறு படம் ஒன்று கட்டம் போட்டு அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் பார்வைக் கருவியின் உயர அளவு, காற்றுக்காக வைத்த அளவு, சன்னம் பட்ட இடம் என எல்லாம் பதியப்படும். நல்ல வெடியையும் கெட்ட வெடியையும் ஒரே மாதிரியே பதிவார்கள். கெட்டதை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்தால் பயனில்லை.

காற்றை அளக்க அவர்கள் பாவிப்பது ‘மினிட்’ என்னும் அளவு. இது மணிக்கூட்டு நிமிடம் அல்ல. ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு. 1000 யார் தூரத்தில் ஒரு மினிட் என்பது ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காற்று இடது பக்கமிருந்து வீசுகிறது. சுடுபவர் 6 மினிட் போதும் என்று கணித்து இடப்பக்கம் 6 வைக்கிறார். சன்னம் நடுவுக்கு வலப்புறமாக ஒரு மினிட் தள்ளிப் படுகிறது. அப்படியானால் உண்மையில் தேவைப்பட்டது 7. கொப்பியில் ‘வைத்தது 6, தேவைப்பட்டது 7’ என்று இரண்டையும் எழுதுகிறார். பத்துப் பதினைந்து வெடிகள் இப்படி எழுதப்பட்டதும் காற்று எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்பது ஒரு கோடாகவே தெரிந்துவிடும்.

பார்ப்பதற்கு முன் சொல்லுதல்

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த ஒரு மினிட் விலகல் காற்றால் வந்ததா, அல்லது விசையை இழுக்கும்போது கை அசைந்ததால் வந்ததா? பலகையில் உள்ள ஓட்டை அதைச் சொல்லாது. அதனால் நல்ல சுடுநர்கள் ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறார்கள். வெடி தீர்ந்த உடனே, சன்னம் பட்ட இடத்தைப் பார்ப்பதற்கு முன்பாக, ‘என் குறி இந்த இடத்தில் நின்றது’ என்று தமக்குத் தாமே சொல்லிப் பதிந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகுதான், குறிப்பலகைக்குக் கீழே மறைவில் இருப்பவர்கள் பலகையை இறக்கி, ஓட்டையில் அடையாள வட்டு வைத்து உயர்த்திக் காட்டுவார்கள்.

‘குறி நடுவில் நின்றது’ என்று பதிந்திருந்தால், விலகியது காற்றினால். அடுத்த வெடிக்கு அளவை மாற்றவேண்டும். ‘குறி வலப்புறம் ஒரு மினிட் போய்விட்டது’ என்று பதிந்திருந்தால், காற்றின் கணக்கு சரி; கையைத்தான் திருத்தவேண்டும், அளவைத் தொடக்கூடாது. ஓட்டை ஒன்றுதான், அதற்குச் செய்யவேண்டிய திருத்தம் வேறு வேறு. காரணத்தை மாறி விளங்கிக்கொண்டால் அடுத்த வெடியும் பிழைக்கும்.

50 மீற்றர் போட்டியிலும் கொடிகளைப் பார்த்துத்தான் சுடுகிறார்கள். 2010இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் இந்தியாவின் கோலாப்பூரைச் சேர்ந்த தேஜஸ்வினி சாவந்த், 600க்கு 597 புள்ளிகள் எடுத்து உலகச் சம்பியனானார். 60 வெடிகளில் அவர் இழந்தது 3 புள்ளிகள் மட்டுமே.

எமது கொப்பிகள்

இதையெல்லாம் வாசித்தபோது எங்கள் குழுவில் கோழி வளர்க்கும் ஒரு சகோதரியை நினைத்தேன். கணவரை இழந்த அவர், குஞ்சுகள் செத்த ஒவ்வொரு தடவையும் “என்ட ராசி அப்பிடி அக்கா” என்றுதான் சொல்வார். ராசியில்லாதவள் என்று ஊர் சொன்னதை அவரும் நம்பத் தொடங்கியிருந்தார். நானும் அவரும் இருந்து ஒரு கொப்பியில் கோடு போட்டோம். திகதி, காலநிலை, நான் செய்தது, நடந்தது என்று நான்கு நிரல்கள். ஒரு வருடம் எழுதினார். கூடுதலான குஞ்சுகள் செத்தது வாடை மழை மாதங்களில் வாங்கிய தொகுதிகளில் என்பது தெரியவந்தது. அது காற்று. ஒரு தொகுதி மட்டும் தடுப்பூசி பிந்தியதால் போனது. அது கை. இப்போது அவர் மழைக்கு முன்னரே குஞ்சு வாங்கி வளர்த்துவிடுகிறார், ஊசித் திகதியைச் சுவரில் எழுதி வைக்கிறார். ராசி என்பதற்கு அந்த நான்கு நிரல்களில் இடமிருக்கவில்லை.

யுத்தம் எம்மீது வீசிய காற்று. வீடு போனதும், இடம்பெயர்ந்ததும், உறவுகள் காணாமற்போனதும் எமது கையால் நடந்தவை அல்ல. ‘அன்றைக்கு அவரைக் கடைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால்’ என்று இன்றும் தம்மைத் தாமே குற்றவாளியாக்கும் தாய்மாரையும் மனைவியரையும் நான் அறிவேன். அவர்கள் காற்றின் கணக்கைத் தமது கையின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதேவேளை, எமது கையில் உள்ள சிறிய காரியங்களையும் விதி என்று விட்டுவிடுகிறோம். இரண்டுமே எம்மைக் கட்டிப்போடுபவை.

எழுதி வைப்பதால் இன்னொரு பயனும் உண்டு. 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு முதல், காணாமற்போனோர் பற்றிய பிந்திய விசாரணைகள் வரை எத்தனை கதிரைகளில் எமது பெண்கள் இருந்திருக்கிறார்கள்! எங்கும் திகதி, நேரம், இடம் கேட்கப்பட்டன. அன்றன்று குறித்து வைத்திருந்தவர்கள் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். மற்றவர்களின் துயரம் அதனால் குறைந்ததாகிவிடாது. ஆனால் நினைவு களைத்துப்போகும், எழுத்து களைப்பதில்லை.

சகோதரிகளே, துவக்கை யாரும் விரும்பவேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. எமது மண்ணில் அந்தச் சத்தம் இனிக் கேட்காதிருப்பதே எல்லோரதும் பிரார்த்தனை. 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்குங்கள். தையலோ, சிறுகடையோ, கோழியோ, தோட்டமோ எதுவானாலும் நான்கு நிரல்கள் போடுங்கள். பலனைப் பார்ப்பதற்கு முன்னரே நீங்கள் செய்ததை எழுதிவிடுங்கள். நட்டம் வந்த நாளையும் விடாமல் எழுதுங்கள். மூன்று மாதம் சென்றபின் பக்கத்து வீட்டுச் சகோதரியோடு இருந்து, எது காற்று, எது கை என்று பிரித்துப் பாருங்கள். கையால் வந்ததை இந்த மாதமே திருத்தலாம். காற்றால் வந்ததற்காக உங்களை நீங்களே ஏசிக்கொள்வதை இன்றே நிறுத்தலாம்.