மாறி சுட்டும் இடத்தில் மதிப்பு

பல மதிப்புகளை வரிசையாகத் தாங்கும் பட்டியலில், ஓர் உறுப்பின் இடத்தைக் குறிக்கும் எண் சுட்டெண் எனப்படுகிறது; பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி ஆகிய மொழிகளில் இது 0-இல் தொடங்குவதால், 5 உறுப்புகள் கொண்ட பட்டியலின் கடைசிச் சுட்டெண் 4 ஆகும். இந்த எண்ணை நேரடியாக எழுதாமல், மதிப்பு மாறக்கூடிய பெயரான மாறியில் வைத்தால், ஒரே கட்டளை, திரும்பத் திரும்ப இயங்கும் மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இடத்தில் மதிப்பை இடுகிறது. 1,000 மாணவரின் மதிப்பெண்களைப் பதிய 1,000 வரிகள் தேவைப்படாததற்கு இதுவே காரணம்.

ஆனால் 5 உறுப்புகள் கொண்ட பட்டியலில் மதிப்பை இடும்போது அந்த மாறியின் மதிப்பு 5 ஆகிவிட்டால், பைத்தான் பிழை காட்டி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலை நீட்டி இடமளிக்கும். சி மொழியோ எல்லையைச் சரிபார்க்காததால், பக்கத்து நினைவகத்திலுள்ள தரவு சிதைந்து, பாதுகாப்பு ஓட்டையும் உண்டாகலாம். ஆகவே, மதிப்பை இடுமுன் சுட்டெண்ணைச் சோதிப்பது நிரலாளரின் தலையாய கடமையாகும்.