கால்வாய்க் கரையில் மிதிவண்டிப் பாதை

நமது நாட்டில் மிதிவண்டி எளியோரின் வாகனம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நூற்றுக்கு ஏறத்தாழ 45 குடும்பங்கள் மிதிவண்டி வைத்திருந்தன. 2019-21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் இவ்விகிதம் 50-ஐ எட்டியது. உத்தரப் பிரதேசத்தில் அது 75-ஐயும் கடந்திருந்தது. ஆனால், இத்தனை பேர் ஏறிச் செல்லும் வாகனத்திற்கென நம் சாலைகளில் தனி இடம் இல்லை. 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 4,800-க்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள்.

மிதிவண்டிக்குத் தனிப்பாதை வேண்டும் என்று கோரும்போது, நகரைச் சுற்றி நிலம் இல்லை என்பதே வழக்கமான மறுமொழி. இது முழு உண்மையன்று. பெருநகரங்களை அடுத்து ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் காட்டு எல்லைகளிலும் அரசுக்கே உரிய மண், சரளைப் பாதைகள் நெடுந்தொலைவு செல்கின்றன. அவற்றை மோட்டார் வண்டிகளுக்குத் திறந்துவிடாமல், மிதிவண்டிக்கும் நடைக்கும் உரியவையாகக் காப்பதால் விளையும் நன்மை என்ன, அதற்கு ஆவன எவை என்பதை மேல் கங்கைக் கால்வாயை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராயலாம்.

கால்வாயுடன் பிறந்த சாலை

1837-38-இல் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட சமவெளியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. அதன் விளைவாக எழுந்த பாசனத் திட்டமே கங்கைக் கால்வாய். புரோபி காட்லி என்ற பொறியாளரின் தலைமையில் 1842-இல் தொடங்கிய பணி 1854-இல் நிறைவுற்றது. அரித்துவாரில் கங்கையிலிருந்து பிரியும் இக்கால்வாய், ரூர்க்கியில் சோலானி ஆற்றைக் கடக்க, ஒவ்வொன்றும் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் பாய்கிறது. இப்பணிக்கு வேண்டிய பொறியாளர்களைப் பயிற்றுவிக்க 1847-இல் ரூர்க்கியில் நிறுவப்பெற்ற கல்லூரியே இன்றைய இந்தியத் தொழில்நுட்பக் கழகம்.

கரைகளைப் பார்வையிடவும் உடைப்புகளை அடைக்கவும் கால்வாயை ஒட்டி ஆய்வுச் சாலை அமைப்பது பாசனத் துறையின் மரபு. கரையின் அரிப்பைத் தடுக்கவும் நிழலுக்காகவும் மரங்கள் வளர்க்கப்பட்டன. நீர் மெல்ல ஓட வேண்டுமாதலால் கால்வாயின் சரிவு கிலோமீட்டருக்கு அரை மீட்டரும் இராது. நிலம் அதனினும் தாழுமிடங்களில் நீரைப் படியாக இறக்கும் வீழ்ச்சி அமைப்புகள் உள்ளன. ஆதலின் கரைச் சாலையில் செல்வோர்க்கு மேடேறும் உழைப்பு அரிது. ஒரு புறம் நீர், மறுபுறம் மரங்கள், அவற்றிற்கப்பால் கரும்பு வயல்கள். மிதிவண்டிக்கென்றே திட்டமிட்டிருந்தாலும் இதனினும் ஏற்ற வழியை வகுத்திருக்க இயலாது.

இக்கால்வாய் தில்லியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முராத்நகரில் மீரட் நெடுஞ்சாலையைக் கடக்கிறது. தலைநகரின் குடிநீரில் ஒரு பகுதி இங்கிருந்தே எடுக்கப்படுகிறது. தில்லி - மீரட் விரைவு ரயில் தடத்தின் முராத்நகர் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டபின், தில்லிப் பகுதியினர் இக்கரையை அடைவது மேலும் எளிதாகியுள்ளது.

சரளைப் பாதையின் இயல்பு

சரளைப் பாதை முற்றுப்பெறாத தார்ச்சாலை அன்று. தனக்கென இலக்கணம் உடைய சாலை வகை. பல அளவிலான கற்கள், மணல், சிறிதளவு களிமண் ஆகியவை தக்க விகிதத்தில் கலந்து அழுத்தப்படும்போது, கற்கள் பளுவைத் தாங்குகின்றன. களிமண் அவற்றைப் பிணைக்கிறது. களிமண் மிகுந்தால் மழையில் சேறாகும். குறைந்தால் கோடையில் கற்கள் பெயரும். பாதையின் நடுப்பகுதி சற்றே உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். தேங்கும் நீரே இப்பாதையின் முதற்பகை.

இத்தகைய பாதைக்கென இன்று விற்கப்படும் விலையுயர்ந்த மிதிவண்டிகளில் டயரின் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். அகன்ற டயரில் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது அது சிறு கற்களின் மேல் துள்ளாமல் அவற்றை உள்வாங்கி உருளும். நம் நாட்டுப் பால்காரரும் தபால்காரரும் பல தலைமுறைகளாக ஓட்டிவரும் கறுப்பு மிதிவண்டியின் டயரும் ஒன்றரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலமுடையதே! எனவே கால்வாய்க் கரையைப் பயன்படுத்தப் புதிய வாகனம் எதையும் எவரும் வாங்க வேண்டியதில்லை.

மோட்டார் வண்டிகளை ஏன் விலக்க வேண்டும்

சாலைக்கு விளையும் சேதம், அச்சின் மீதுள்ள பளுவின் ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது என்பது சாலைப் பொறியியலில் நன்கறிந்த தோராய விதி. ஆளுடன் கூடிய மிதிவண்டி ஓர் அச்சில் 50 கிலோகிராம் சுமத்துவதாகவும், லாரி 10 டன் சுமத்துவதாகவும் கொள்வோம். பளு 200 மடங்கு. சேதமோ 160 கோடி மடங்கு! இவ்விதி தார்ச்சாலைகளில் நடந்த சோதனைகளிலிருந்து பெறப்பட்டது; சரளைக்கு அப்படியே பொருந்தாது எனினும், வேறுபாட்டின் பேரளவு தெளிவு. அன்றியும், விரைந்தோடும் மோட்டார் சக்கரங்கள் சரளையில் அலையலையாகப் பள்ளங்களை உண்டாக்குகின்றன; பிணைப்புக்குரிய நுண்மண் புழுதியாய்ப் பறந்து போகிறது. பிறகு, புழுதி தாங்கவில்லை, தார் இடுக என்ற கோரிக்கை எழும். தார் இட்டால் வேகமும் நெரிசலும் பெருகும், அகலப்படுத்துக என்பர். மரங்கள் வீழ்வது அதற்கடுத்த கட்டம்.

கரையும் காடும்

இது கற்பனை அன்று. அரித்துவாரிலிருந்து கங்கை நீர் சுமந்துவரும் காவடி யாத்திரிகர்களின் வசதிக்கென, முராத்நகர் முதல் புர்காஜி வரை இக்கால்வாய்க் கரையில் 111 கிலோமீட்டர் நீளச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டது. இதற்காக ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்களை அகற்ற வேண்டியிருந்தது. இக்கரையோர மரவரிசைகள் பாதுகாக்கப்பட்ட காடுகள் என்ற வகையைச் சார்ந்தவை; 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மைய அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டவை. மரங்கள் வெட்டப்படுவதை 2024-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலையின் அகலத்தைக் குறைத்து, வெட்டப்படும் மரங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைப்பதாக மாநில அரசு தெரிவித்தது.

யாத்திரிகர்களின் தேவை உண்மையானது. நெடுஞ்சாலையில் நடக்கும் அவர்களும் விபத்துக்கு ஆளாகின்றனர். ஆனால் அவர்களில் பலர் வெறுங்காலுடன் நடப்பவர்கள். ஆடி மாத வெயிலில் அவர்கள் பாதங்களுக்கு ஏற்றது மரநிழலில் அமைந்த மண் வழியா, நிழலிழந்த தார்ச்சாலையா? ஆண்டில் இரு வாரம் யாத்திரிகருக்கும், மற்ற நாட்களில் மாணவருக்கும் தொழிலாளருக்கும் ஒரே பாதை பயன்படக்கூடும். அகலத்தால் அன்று, மோட்டார் வண்டி இன்மையால்தான் அது பாதுகாப்பானதாகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, சட்டம். கால்வாய்க் கரை பொதுச்சாலை அன்று. 1873-ஆம் ஆண்டு வட இந்தியக் கால்வாய், வடிகால் சட்டம், விதிகளுக்கு மாறாகக் கரைமீது வண்டி ஓட்டி, தடுத்தும் கேளாதவரைத் தண்டிக்க இடமளிக்கிறது. மிதிவண்டிக்கு இசைவும் மோட்டாருக்குத் தடையும் தரப் புதிய சட்டம் தேவையில்லை. தெளிவான விதிகளும் அவற்றைச் செயல்படுத்தும் பணியாளரும் போதும்.

இரண்டாவது, தடுப்பு. ஒவ்வொரு பாலத்தருகிலும் கல்தூண்கள் நட்டால் காரும் லாரியும் நுழையா. துறையின் வண்டிக்கு மட்டும் பூட்டுள்ள வாயில் இருக்கலாம். மோட்டார் சைக்கிளைத் தூண்கள் தடுக்கமாட்டா. அதற்குக் காவற்பணியாளரே வேண்டும். கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர்களுக்கு வேறு வழியில்லாத இடங்களில் விலக்கு அளிப்பதே நேர்மை. உழவரைப் பகைத்துக்கொண்டு எந்தக் கரையையும் காக்க முடியாது.

மூன்றாவது, உயிர்க்காப்பு. இக்கால்வாய் ஆழமானது, நீரோட்டம் வலியது. பாதை நீர்விளிம்பிலிருந்து விலகிச் செல்லவேண்டும். இடையே புதர்வேலியும், குறித்த இடங்களில் படிகளும் பற்றிக்கொள்ளச் சங்கிலிகளும் வேண்டும். ஆளரவமற்ற பாதையில் பெண்கள் செல்லத் தயங்குவர். எனவே நகரிலிருந்து வரும் உலாவினருக்கென மட்டும் அமைக்காமல், கரையோரச் சிற்றூர்களைப் பள்ளிகளோடும் சந்தைகளோடும் இணைக்க வேண்டும். நாள்தோறும் மக்கள் நடமாடும் பாதையே காவலுள்ள பாதை.

நான்காவது, பராமரிப்பு. ஆண்டுதோறும் தசரா, தீபாவளிக் காலத்தில் தூர்வாருவதற்காக இக்கால்வாய் மூடப்படுவது வழக்கம். மழைக்காலச் சேதங்களைச் சீர்செய்யவும் சரளை நிரப்பவும் அதுவே தக்க தருணம். இதற்கு வேண்டியது பெரும்பாலும் உள்ளூர் மண்ணும் உள்ளூர் உழைப்புமே.

பஞ்சத்தைப் போக்க வெட்டிய கால்வாய், நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின், எளியோர்க்கு ஓர் அச்சமற்ற வழியையும் தரும் நிலையில் உள்ளது. இதுபோன்ற கரைகள் பல மாநிலங்களில் உண்டு. அவற்றை அமைக்கும் செலவை முன்னோர் ஏற்றுவிட்டனர். கெடாமல் காக்கும் பொறுப்பே நமக்கு எஞ்சியுள்ளது. ஒரு முறை தாரிட்டு அகலப்படுத்திய கரையில் மீண்டும் அந்த நிழல் வளர ஒரு தலைமுறை ஆகும் என்பதைத் திட்டமிடுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.